கோப்பைத் திறக்கும் அந்தச் சின்னப் பெட்டி யாருடையது?

கடந்த வருடம் ஒரு நீண்ட கட்டுரைக்காகப் பல பேரிடம் பேட்டி எடுத்திருந்தேன். ஒலிப்பதிவுகளுக்கு ஊர்ப் பெயரையும் திகதியையும் சேர்த்துத் தமிழிலேயே பெயர் வைப்பது என் வழக்கம். அவற்றில் ஒன்று, மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு தாயினுடையது. "இது உங்களிட்டையே இருக்கட்டும் பிள்ளை, வேற ஒருத்தருக்கும் குடுக்கவேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் அவர் பேசத் தொடங்கினார்.

மற்றப் பேட்டிகளை எழுத்தாக்குவதற்காக, ஒலியைக் கேட்டுத் தட்டச்சுச் செய்து தரும் ஒரு மென்பொருளைத் தரவிறக்கினேன். 'திற' என்பதை அழுத்தியதும் வந்த பெட்டியில் கோப்புகளின் பெயர்கள் எல்லாம் வெறும் சதுரங்களாக இருந்தன. திகதி இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. ஒரே நாளில் இரண்டு பேட்டிகள். ஊகத்தில் ஒன்றைத் தெரிவுசெய்தேன். அது அந்தத் தாயின் குரல். கோப்பைத் திறந்த கையோடு மென்பொருள் அதைத் தன் சேவையகத்துக்கு ஏற்றத் தொடங்கிவிட்டது. நான் வைஃபையை நிறுத்தியபோது பாதிக்குக் கிட்டப் போய்விட்டிருந்தது.

அதே மடிக்கணினியில், அதே கோப்புறையை, நோட்பேடிலோ இணைய உலாவியிலோ திறந்தால் தமிழ்ப் பெயர்கள் ஒழுங்காகத் தெரிகின்றன. அப்படியானால் இந்த மென்பொருளில் மட்டும் ஏன் சதுரங்கள்?

காரணம், அந்தப் பெட்டி விண்டோஸின் பெட்டி அல்ல. மென்பொருள் தானாக வரைந்த பெட்டி.

நாம் கவனிப்பதில்லை, ஆனால் 'திற', 'சேமி' என்று அழுத்தும்போது வரும் பெட்டியைப் பெரும்பாலும் மென்பொருள் காட்டுவதில்லை. அது இயங்குதளத்திடம் ஒரு கோப்பைக் கேட்கிறது. இயங்குதளம் தன் பெட்டியைக் காட்டுகிறது. நாம் தெரிவுசெய்ததை மென்பொருளிடம் கொடுக்கிறது. விண்டோஸில் இந்தப் பொதுப் பெட்டி 1992இல் 3.1 பதிப்புடன் வந்தது. அதற்கு முன்னர் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒன்றை வைத்திருந்தது. விஸ்டாவுடன் இப்போதைய வடிவம் வந்தது. மெக் கணினிக்கும் சொந்தப் பெட்டி உண்டு. லினக்ஸில் ஒன்றுக்கு இரண்டு: க்னோம் சூழலுக்கு ஒன்று, கேடிஇ சூழலுக்கு இன்னொன்று.

சிக்கல், ஒரே மென்பொருளை மூன்று இயங்குதளங்களுக்கும் எழுதும்போது வருகிறது. மூன்று பெட்டிகளையும் மூன்று விதமாக அழைக்க வேண்டும். ஒரே பெட்டியைத் தானே வரைந்துவிட்டால் எல்லா இடத்திலும் ஒரே தோற்றம், ஒரே வேலை. 1998இல் ஜாவாவுடன் சேர்ந்த சுவிங் தொகுப்பின் பெட்டி அப்படித்தான் வரையப்படுகிறது. அதற்கு முந்தைய ஏடபிள்யூடி தொகுப்போ இயங்குதளத்தின் பெட்டியையே அழைக்கும். ஒரே மொழிக்குள் இரண்டு கொள்கைகள். இன்று பரவலாகப் பயன்படும் எலக்ட்ரோன், கியூட்டி போன்றவை கேட்டால் இயங்குதளத்தின் பெட்டியைத்தான் தருகின்றன. ஆகவே, இன்றைக்கும் ஒருவர் தன் பெட்டியைத் தானே வரைகிறார் என்றால் அது பெரும்பாலும் அவரது தெரிவு.

அந்தத் தெரிவு சில வேளை நியாயமானது. முப்பரிமாண வரைகலை மென்பொருளான பிளெண்டரின் பெட்டி, ஒரு கோப்புக்குள்ளேயே புகுந்து அதிலுள்ள பொருள்களைத் தனித்தனியாக எடுக்கவிடும். எந்த இயங்குதளத்தின் பெட்டியும் அதைச் செய்யாது. லிப்ரே ஒஃபிஸ் இரண்டையும் வைத்துக்கொண்டு, எது வேண்டும் என்று அமைப்புகளில் நம்மிடம் விட்டுவிடுகிறது.

ஆனால் பெட்டியை வரைபவர் எழுத்தையும் வரைய வேண்டும். ஆங்கிலத்துக்கு ஒரு எழுத்துருவைப் பக்கம் பக்கமாக அடுக்கினால் போதும். தமிழில் 'கொ' என்று எழுத, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் போக வேண்டும். இயங்குதளத்தின் பெட்டிக்கு இந்த வேலை பழக்கமானது. புதிதாக வரைபவர்கள் தமிழ் உள்ள எழுத்துருவையே சேர்க்காமல் விட்டால் சதுரம் வரும். எழுத்துருவைச் சேர்த்து அடுக்கும் முறையை விட்டால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும்.

பெட்டி சரியாக இருந்தாலும் கதை முடிவதில்லை. கோப்பின் பெயரை மென்பொருள் பத்திரமாக வாங்க வேண்டுமே! விண்டோஸில் இதற்குப் பழைய வழி, புதிய வழி என இரண்டு உண்டு. பழைய வழி, கணினிக்கு ஒரு மொழிக் குறிமுறை இருக்கும் என்று நம்பும். அரபுக்கும் கிரேக்கத்துக்கும் தாய் மொழிக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. தமிழுக்கு இல்லை. சிங்களத்துக்கும் இல்லை. விண்டோஸ் 2000இல் தமிழ் நேரடியாக யுனிகோட்டில்தான் நுழைந்தது. பழைய வழியால் ஒரு தமிழ்ப் பெயர் போனால் ஒவ்வொரு எழுத்தும் கேள்விக்குறியாக மாறும். விண்டோஸில் கோப்புப் பெயரில் கேள்விக்குறி வைக்கவே முடியாது. எனவே பெட்டியில் கண்ணெதிரே நிற்கும் கோப்பை, அடுத்த கணம் 'காணவில்லை' என்று மென்பொருள் சொல்லும். 2019 முதல், யுனிகோட்டின் யுடிஎஃப்-8 வடிவத்தைப் பழைய வழிக்கும் தரும்படி ஒரு மென்பொருள் விண்டோஸிடம் கேட்டுக்கொள்ளலாம். கேட்க வேண்டும் என்று யாருக்காவது தோன்ற வேண்டும், அவ்வளவுதான்.

(பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்த காலத்தில் இந்தத் தலையிடி இருக்கவில்லை. பாமினியில் பெயர் வைத்தால் பெட்டியில் அது ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும் என்பதால், யாரும் தமிழில் பெயர் வைக்கவில்லை. பழைய பத்திரிகைக் கணினிகளில் 'செய்தி1', 'பைனல்2' என்று ஆங்கில எழுத்தில் குவிந்து கிடக்கும் கோப்புகளைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.)

இதெல்லாம் வசதி பற்றிய பேச்சு. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது இன்னொன்று. பெட்டியைத் தானே வரையும் மென்பொருள், அதில் காட்டுவதற்காக உங்கள் கோப்புறைகளை எல்லாம் வாசித்தாக வேண்டும். இயங்குதளத்தின் பெட்டி என்றால் அந்தத் தேவை இல்லை. நீங்கள் தொட்டுக் காட்டிய ஒரு கோப்பு மட்டும் மென்பொருளிடம் போனால் போதும்.

இந்த வேறுபாட்டை அப்பிள் நிறுவனம் பாதுகாப்பாகவே மாற்றிக்கொண்டது. 2011இல் வந்த லயன் பதிப்பிலிருந்து, வேலிக்குள் அடைக்கப்பட்ட மென்பொருள்களுக்கு உங்கள் கோப்புறைகள் தெரியாது. தெரிவுப் பெட்டி வேலிக்கு வெளியே, தனியான ஒரு செயற்பாடாக ஓடுகிறது. நீங்கள் கோப்பைத் தெரிவுசெய்வதே அந்த ஒரு கோப்புக்கான அனுமதி. 'அனுமதிக்கிறீர்களா' என்று தனியாக ஒரு கேள்வி இல்லை. லினக்ஸில் பிளாட்பேக் வழியாக நிறுவும் மென்பொருள்களுக்குப் 'போர்ட்டல்' என்ற பெயரில் இதே ஏற்பாடு இருக்கிறது. ஆனால் அவற்றில் சில, வீட்டுக் கோப்புறை முழுவதற்கும் அனுமதியைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் வருகின்றன. அன்ட்ரொய்ட் கைத்தொலைபேசிகளில் 2013இல் இப்படியான பெட்டி வந்தது. இணைய உலாவி இன்னும் கறார்: நீங்கள் தெரிவுசெய்த கோப்பு எந்தக் கோப்புறையில் இருந்தது என்பதைக்கூட இணையத்தளத்துக்குச் சொல்லாது.

விண்டோஸில் வழமையாக நிறுவும் மென்பொருளுக்கு அப்படியான வேலி இல்லை. எந்தப் பெட்டியைக் காட்டினாலும், நினைத்தால் அது உங்கள் ஆவணங்களை வாசிக்கலாம். இதை மறைத்துவிட்டு இயங்குதளத்தின் பெட்டியை மட்டும் புகழ்வது சரியல்ல.

அந்தப் பெட்டிக்கும் குறைகள் உண்டு. க்னோம் சூழலின் பெட்டியில் படங்களைச் சிறு உருவங்களாக அடுக்கிக் காட்ட வேண்டும் என்ற கோரிக்கை 2004இல் வைக்கப்பட்டது. அது 2023 மார்ச்சில் வெளியான பதிப்பில்தான் நிறைவேறியது. 19 வருடங்கள்! அதுவரைக்கும் ஒரு புகைப்படக்காரர், கமரா இட்ட இலக்கங்களைப் பார்த்துத்தான் படத்தைத் தேட வேண்டியிருந்தது.

இன்னொரு குறை எங்களைப் போன்றவர்களுக்கு உரியது. மெக்கிலும் க்னோமிலும் பெட்டி திறக்கும்போது 'அண்மையவை' என்ற பட்டியல் எட்டிப் பார்க்கும். ஒரு பயிற்சிப் பட்டறையில் புரொஜெக்டரில் கணினியை இணைத்துவிட்டு 'திற' என்று அழுத்தினால், நேற்று யாருடைய ஆவணத்தைப் பார்த்தீர்கள் என்பது மண்டபம் முழுவதற்கும் தெரியும். க்னோமில் அமைப்புகளின் தனியுரிமைப் பகுதியில் இந்த வரலாற்றை நிறுத்தலாம். விண்டோஸில் கோப்புலாவியின் தெரிவுகளில் அண்மைக் கோப்புகளைக் காட்டுவதை நிறுத்தலாம். நான் இரண்டையும் நிறுத்திவிட்டேன்.

இப்போது புதிய மென்பொருள் எதை நிறுவினாலும் முதலில் 'திற' என்பதை அழுத்திப் பார்க்கிறேன். பக்கப் பட்டியில் நான் வைத்திருக்கும் கோப்புறைகள் தெரிந்தால் அது இயங்குதளத்தின் பெட்டி. பிறகு 'கொக்குவில் பேட்டி' என்ற பெயரில், உள்ளே ஒன்றுமில்லாத ஒரு கோப்பைத் திறந்து பார்க்கிறேன். முக்கியமான ஒலிப்பதிவுகள் வேறொரு பென் டிரைவில், கணினிக்கு வெளியே இருக்கின்றன.

அந்த மென்பொருளின் நிறுவனத்துக்கு அன்றே எழுதினேன். முழுமையாக ஏறாத கோப்புகள் ஒரு நாளில் அழிக்கப்பட்டுவிடும் என்று பதில் வந்தது. அதை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அந்தத் தாயிடம் நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இனிக் கவனமா இருங்கோ" என்றார்.

சில மாதங்களின் பின்னர் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு வந்தது. இப்போது வருவது விண்டோஸின் பெட்டிதான். பெயர்கள் தமிழில் தெளிவாகத் தெரிகின்றன. என் வெற்றுக் கோப்பைத் தெரிவுசெய்து பார்த்தேன். மேலே தலைப்பில் வரிசையாகக் கேள்விக்குறிகள், கீழே 'கோப்பைக் காணவில்லை' என்ற செய்தி. இன்னொரு மின்னஞ்சல் எழுதியிருக்கிறேன்.