விரலை எடுத்தாலும் ஓர் எண்

மூன்று வருடமாகப் பொழுதுபோக்குக்குச் சின்னதாக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் செய்யாது. கட்டளை கேட்கும், அடிக்கடி விழும். விழும்போது நீலத்திரையில், 'ஏதாவது ஒரு கீயை அழுத்தினால் மறுபடி தொடங்கும்' என்று எழுதிக் காட்டும். மகள்தான் அதைச் சோதித்தாள்.

"அப்பா, அழுத்தச் சொல்லுது. அழுத்துனா கண்டுக்கவே மாட்டேங்குது."

1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி-யில் கீபோர்டுக்கென 8042 என்ற சிப் இருந்தது. அதன் பழக்கவழக்கங்களை இன்றும் பல கணினிகள் விடவில்லை. கீயை அழுத்தினால் அதற்குரிய எண், ஹெக்ஸ் கணக்கில் 60 என்ற போர்ட்டில் வந்து உட்காரும். கூடவே இன்டரப்ட் என்ற மணியும் அடிக்கும். பால்காரர் கேட்டில் தொங்கும் பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டு மணியடிப்பதுபோல. ஆனால் கோளாறு நேர்ந்ததும் என் இயங்குதளத்தின் கருவான கெர்னல் முதல் வேலையாக எல்லா மணியையும் நிறுத்திவிடுகிறது. உடைந்து கிடக்கும் வீட்டுக்குள் வேறு யாரும் நுழையக் கூடாதல்லவா? நானோ நின்றுபோன மணிக்காகக் காத்திருந்தேன்.

சரி, பையை நாமே எட்டிப் பார்ப்போம் என்று, 60-இல் எண் வந்திருக்கிறதா எனக் காட்டும் 64-ஆம் போர்ட்டின் (இதுவும் ஹெக்ஸ்தான்) கடைசி பிட் 1 ஆகிறதா என ஓயாமல் பார்க்கும்படி மாற்றினேன். இப்போது நேர் எதிர்: நீலத்திரையைப் படிப்பதற்குள் கணினி மறுபடி தொடங்கிவிட்டது!

மறுதொடக்கத்தை நிறுத்திவைத்துவிட்டு, வருகிற எண்களைத் திரையில் அச்சிடச் சொன்னேன். வேண்டுமென்றே விழவைக்க 'விழு' என்றொரு கட்டளை வைத்திருக்கிறேன். அடித்து என்டரைத் தட்டினேன். திரையில் 156.

என்டரை அழுத்தினால் 28. விரலை எடுத்தால் அதோடு 128 சேர்ந்து 156. கீபோர்டுக்கு விரல் எடுப்பதும் ஒரு சேதிதான். என் நிரலோ அதையே 'ஏதாவது ஒரு கீ' என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. அழுத்தியபடியே வைத்துப் பார்த்தேன்: 28, 28, 28 என்று வரிசை கட்டியது. டச்பேடில் கை பட்டதும் மும்மூன்றாக வேறு எண்கள். மவுஸும் அதே 60-இல்தான் கொண்டுவந்து கொட்டுகிறது. 64-இல் இன்னொரு பிட்டைப் பார்த்தால்தான் எது யாருடையது என்று தெரியும்.

ஆகவே 60-இல் தேங்கிக் கிடந்த பழைய எண்களை முதலில் வாரிக் கொட்டினேன். மவுஸை ஒதுக்கினேன். 128-உம் அதற்கு மேலும் வந்தால் கண்டுகொள்ளாதே என்றேன். 'ஏதாவது ஒரு கீ'யையும் தூக்கிவிட்டு எஸ்கேப் மட்டும் போதும் என்று வைத்தேன். அதன் எண் 1. யாரும் தற்செயலாக அதில் விரல் வைத்திருக்க மாட்டார்கள்.

வேடிக்கை, மறுதொடக்கத்தையும் அதே கீபோர்டு சிப்தான் செய்கிறது. 64-க்கு 254 அனுப்பினால் அது பிராசசரின் ரீசெட் கம்பியைத் தட்டிவிடும். அந்த ஏடி-யின் 286 பிராசசர் பாதுகாப்பு முறைக்குள் (protected mode) போனால் ரீசெட் இல்லாமல் திரும்பி வரத் தெரியாது. அதற்காக ஐபிஎம் இழுத்துவிட்ட கம்பி அது.

மகள் எஸ்கேப்பைத் தட்டினாள். கணினி எழுந்தது. உடனே மறுபடி 'விழு' என்று அடித்தாள்.