விம் 9 நிரல்மொழியின் தொடரியலும் தமிழ் எழுத்தெண்ணிக்கையும்

ஆய்வுச்சுருக்கம்

விம் உரைத்திருத்தியின் 9ஆம் பதிப்பில் புதுப்பிக்கப்பட்ட நிரல்மொழியின் தொடரியலை இக்கட்டுரை விளக்குகிறது. பழைய மொழி ஊகத்திற்கு விட்ட இடங்களைப் புதிய மொழி எவ்வாறு வரையறுக்கிறது என்பதும், அவ்வரையறை தமிழ்ச் சரங்களைக் கையாள்வதில் எந்த அளவு பயன்படுகிறது என்பதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: விம், நிரல்மொழி, தொடரியல், தரவினம், யூனிகோடு, தமிழ் எழுத்து.

முன்னுரை

நெதர்லாந்து நாட்டவரான பிராம் மூலெனார் 1991இல் வெளியிட்ட விம், உரையைத் தேடவும் மாற்றவும் விசைப்பலகைக் கட்டளைகளையே முதன்மையாகக் கொண்ட கருவியாகும். அக்கட்டளைகளைக் கோப்பில் எழுதிவைத்து இயக்கும் வழக்கத்திலிருந்தே அதன் நிரல்மொழி தோன்றியது. 1998இல் வெளிவந்த 5ஆம் பதிப்பில் செயற்கூறுகளும், 2006இல் வெளிவந்த 7ஆம் பதிப்பில் பட்டியல், அகராதி ஆகிய தரவினங்களும் சேர்ந்தன. ஆகவே அது திட்டமிட்டு வடிவமைக்கப்பட்ட மொழி அன்று. தேவைக்கேற்பக் கூடுதல்கள் சேர்ந்து வளர்ந்த மொழி. 2022 ஜூன் 28இல் வெளிவந்த 9ஆம் பதிப்பே அதற்கு முறையான இலக்கணம் ஒன்றை வகுத்தது எனலாம்.

பழைய மொழியின் மயக்கங்கள்

பழைய மொழியில் இரட்டை மேற்கோள்குறி சரத்தின் தொடக்கத்தையும் குறிக்கும். குறிப்புரையின் தொடக்கத்தையும் குறிக்கும். எது எதுவென்பதை இடம் நோக்கியே அறிய வேண்டும். இதனினும் இடர் மிக்கது தரவினங்களின் தன்னியக்க மாற்றம். 'நூல்' என்னும் சரத்தை 0 என்னும் எண்ணோடு ஒப்பிட்டால், சரம் முதலில் எண்ணாக மாற்றப்படும். எண்ணுருவில்லாச் சரத்தின் மதிப்பு 0 ஆதலால் இரண்டும் சமம் என்ற விடை கிடைக்கும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. மேலும், தனியே தடுத்தாலன்றிச் செயற்கூறு ஒரு வரியில் பிழை நேர்ந்த பின்னும் அடுத்த வரிக்குச் செல்லும். நீண்டதொரு நூற்கோப்பைத் திருத்தும் நிரல் இவ்வாறு பிழையோடு தொடருமாயின், எஞ்சுவது பாதி திருந்திய, பாதி சிதைந்த பாடமாகும்.

புதிய தொடரியல்

கோப்பின் முதற்கட்டளையாக 'விம்9ஸ்கிரிப்ட்' என்று அறிவித்தால் புதிய இலக்கணம் நடைமுறைக்கு வரும். மாறிகள் 'வார்' என்னும் சொல்லால் அறிவிக்கப்படுகின்றன. பழைய 'லெட்' இங்கு ஏற்கப்படுவதில்லை. தொடக்க மதிப்பைக் கொண்டு மாறியின் தரவினம் உய்த்துணரப்படும். எண்ணாகத் தொடங்கிய மாறியில் பின்னர்ச் சரத்தை இட இயலாது. குறிப்புரைக்கு எண்குறியான '#' வழங்கப்பட்டது. செயற்குறிகளின் இருபுறமும் இடைவெளி கட்டாயம். இக்கட்டாயம் முதலில் எரிச்சலூட்டுவதே; ஆயினும் ஒரே எழுத்தாலான கட்டளைகள் மலிந்த மொழியில், இடைவெளியும் பொருள் மயக்கம் நீக்கும் உறுப்பாகிறது.

செயற்கூறுகள் 'டெஃப்' எனத் தொடங்கி 'எண்டெஃப்' என முடிகின்றன. பழைய மொழி, மடக்கு ஒன்று ஆயிரம் முறை சுழன்றால் அதனுள் அமைந்த வரியை ஆயிரம் முறையும் புதிதாகப் படித்துப் பொருள்கொள்ளும். புதிய செயற்கூறோ இயங்குவதற்கு முன் ஒருமுறை முழுமையாகப் பகுக்கப்பட்டு, உள்நிலைக் கட்டளைகளாக மாற்றப்படுகிறது. இதனால் 10 முதல் 100 மடங்கு வரை விரைவு எதிர்பார்க்கலாம் என்பது விம் ஆவணத்தின் கூற்று. விரைவைக் காட்டிலும் உரைப்பணியாளர்க்கு முதன்மையானது வேறொன்று: நாற்பதாம் வரியிலுள்ள தரவினப் பிழை, முதல் வரி உரையைத் தொடுவதற்கு முன்பே பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். இயங்கும்போது பிழை நேர்ந்தாலும் செயற்கூறு அங்கேயே நின்றுவிடும்.

தமிழ்ச் சரங்கள்

யூனிகோடில் 'தமிழ்' என்னும் சொல் த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து குறியிடங்களால் ஆனது. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு. மொத்தம் 15 பைட்டு. பழைய மொழியில் சரத்தின் சுட்டெண் பைட்டையே குறித்தது. 0 என்னும் சுட்டெண்ணைக் கொடுத்தால் தகரம் கிடைக்காது. அதன் மூன்றிலொரு துண்டே கிடைக்கும். புதிய மொழியிலோ சுட்டெண் எழுத்தைக் குறிக்கிறது. சார்ந்து நிற்கும் குறிகளும் அவ்வெழுத்துடன் சேர்ந்தே வருகின்றன. எனவே 0, 1, 2 ஆகியவற்றுக்கு முறையே த, மி, ழ் கிடைக்கின்றன. உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொள்ளும் தமிழ் மரபுக்கு இது பெரிதும் இணங்குகிறது.

எனினும் இணக்கம் முழுமையானதன்று. நீளத்தைத் தரும் 'லென்' செயற்கூறு இன்றும் பைட்டையே எண்ணி 15 என விடை தருகிறது. அதை நம்பி மடக்கு அமைப்பவர் மூன்று எழுத்துகளுக்குப் பின் பன்னிரண்டு வெற்றுச் சரங்களைப் பெறுவர். 'ஸ்டர்சார்ஸ்' குறியிடங்களை எண்ணி 5 என்றும், 'ஸ்டர்சார்லென்' மட்டுமே 3 என்றும் கூறும். ஒரே சொல்லுக்கு மூன்று நீளங்கள்! பழைய நிரல்களைக் காக்கும் நோக்கில் 'லென்' மாற்றப்படாதது புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் சுட்டெண்ணை மாற்றிவிட்டு நீளத்தை மாற்றாதது வடிவமைப்பின் குறையே என்பது இக்கட்டுரையாளர் கருத்து. எழுத்தெழுத்தாகச் செல்ல வேண்டிய இடங்களில் சுட்டெண்ணைத் தவிர்த்து, சரத்தின் மீதே 'ஃபார்' மடக்கை இயக்குவது பாதுகாப்பானது; அம்மடக்கு குறிகளோடு கூடிய எழுத்தையே ஒவ்வொரு சுற்றிலும் தரும்.

இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். 'க்ஷ' என்பது க், ஷ என இரண்டாகவே எண்ணப்படும். 'கொ' என்பதைக் ககரத்தோடு ஒரே ஒகரக்குறி சேர்த்தும் எழுதலாம். எகரக்குறியும் ஆகாரக்குறியும் அடுத்தடுத்துச் சேர்த்தும் எழுதலாம். இரு வடிவங்களும் ஓரெழுத்தாகவே எண்ணப்படும். திரையிலும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் பைட்டுகள் வேறாதலின் ஒப்பீட்டில் சமமாகா. சொல்லடைவு தொகுப்போர் எண்ணத் தொடங்குமுன் உரை முழுவதிலும் இரண்டாம் வடிவத்தை முதல் வடிவமாக மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். விம் அதைத் தானாகச் செய்வதில்லை.