இசையரங்கிற் பிழையும் தற்செயலும்

பிழை நேராமையே இசையரங்கின் பெருமை எனப் பலரும் கருதுவர். முன்னரே எழுதிவைத்த இசையை உள்ளவாறு இசைக்குமிடத்து அக்கருத்துப் பொருந்தும். புதுநெறி நாடிய கலைஞர் சிலரோ, அரங்கிலே தற்செயலாக நிகழ்வனவற்றையும் இசைக்கு உறுப்பாக ஏற்றனர். இது கவனக்குறைவுக்குக் கூறும் சமாதானமா, அன்றி ஒரு கலைநெறியா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

தற்செயல் மூவகைத்து: புறத்தேயிருந்து வருவது, கருவியின் குறையால் வருவது, கலைஞன் கைப்பிழையால் வருவது.

முதலாவதற்குச் சான்று அமெரிக்கரான ஜோன் கேஜ். மனத்தை அமைதிப்படுத்தித் தெய்வ அருளை ஏற்கச் செய்தலே இசையின் பயன் என்பதை, 1940களில் இந்தியரான கீதா சரபாய் வாயிலாக அறிந்தவர் அவர். 1952 ஆகஸ்ட் 29 ஆம் நாள், நியூயோர்க் மாநிலத்து வூட்ஸ்டொக்கில் அவரது ஆக்கமொன்றை டேவிட் டியூடர் அரங்கேற்றினார். பியானோ முன் அமர்ந்த டியூடர் 4 நிமிடம் 33 விநாடி வரை ஒரு சுரமும் வாசித்திலர். காற்றொலியும், கூரையில் வீழ்ந்த மழைத்துளியின் ஒலியும், அவையோரின் முணுமுணுப்புமே கேட்டன எனக் கேஜ் பின்னர் நினைவுகூர்ந்தார். பிறவிடத்து இடையூறு எனப்படுவன அங்கு இசைப்பொருளாயின.

இரண்டாவதற்கு, 1975 ஜனவரி 24 ஆம் நாள் ஜேர்மனியின் கொலோன் நகரில் நிகழ்ந்த கீத் ஜாரெற்றின் கச்சேரியைக் கொள்ளலாம். அவர் வேண்டிய பெரிய பியானோவுக்கு மாறாக, மேற்சுரங்கள் மெலிந்ததும் மிதிகள் செவ்வனே இயங்காததுமான சிறியதொன்றே கிடைத்தது. அவரோ நடுச்சுரங்களையே பெரிதும் பற்றி, இடக்கையால் தாளக்கோவைகளை மீட்டும் மீட்டும் வாசித்து, அக்குறைக்கு இயைந்த இசையை அப்பொழுதே படைத்தார். அதன் இசைத்தட்டு, தனிப் பியானோ இசைத்தட்டுகளுள் மிகுதியாக விற்பனையானவற்றுள் ஒன்றாயிற்று.

மூன்றாவதை ஹேர்பி ஹன்கொக் தம் அனுபவமாகக் கூறியுள்ளார். 1960களில் ஸ்ருட்கார்ட் நகர்க் கச்சேரியொன்றில், அவர் பொருந்தாச் சுரக்கூட்டொன்றைப் பியானோவில் வாசித்துவிட்டார். ட்ரம்பெற் வாசித்த மைல்ஸ் டேவிஸ் கணநேரம் தாமதித்து, அச்சுரக்கூட்டுப் பொருந்துமாறு தம் சுரங்களை அமைத்துக்கொண்டார். ஹன்கொக் பிழை எனக் கண்டதை, டேவிஸ் நிகழ்ந்ததொன்று என மட்டுமே கண்டார்.

இம்மூன்றிலும் தற்செயல் தானாக இசையாகவில்லை. கூர்ந்து கேட்ட செவியும் பயின்ற கையுமே அதனை இசையாக்கின. பயிற்சியில்லாதானுக்குப் பிழை பிழையாகவே முடியும். ஆதலின் இந்நெறி கவனக்குறைவுக்கு அரணாகாது. மிகுந்த கவனத்தையே வேண்டுவது.

பிழை செய்யாதே என்று மாணவர்க்கு நாம் நாள்தோறும் கூறுகின்றோம். பிழைத்தபின் அடுத்த சுரத்தை எவ்வாறு வாசிப்பது என்பதைக் கற்பித்தோமா என்பதே ஆசிரியராகிய நம் முன் நிற்கும் வினா.