முழங்கால் நிபந்தனையோடு 75 மில்லியன் டொலர்

நட்டத்தில் ஓடும் கடைக்கு நல்ல கையாள் ஒருவரைப் பிடிப்பது எவ்வளவு சிரமம் என்பது கடை வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். கூட்டம் நிறைந்த கடையில் வேலை செய்கிறவன் அதே சம்பளத்துக்கு உங்கள் கடைக்கு வரமாட்டான். கூடக் கொடுத்தாலும் யோசிப்பான். "அந்தக் கடை எத்தனை நாளைக்கு?" என்று வீட்டில் கேட்பார்கள். இந்த வாரம் இப்படியொரு சங்கடத்தில் மாட்டிக்கொண்ட அமெரிக்கக் கழகம் ஒன்றின் கதையைச் சொல்லப் போகிறேன். விளையாட்டுச் செய்திதானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். ஓட்டக் கணக்கைவிட ஒப்பந்தக் கணக்குத்தான் இதில் அதிகம்.

டெட்ரொய்ட் டைகர்ஸ் என்பது பேஸ்போல் கழகம். அமெரிக்காவில் ஒரு பருவகாலத்துக்கு ஒவ்வொரு கழகமும் 162 போட்டிகள் விளையாட வேண்டும். 2003இல் டைகர்ஸ் வென்றது 43, தோற்றது 119. அந்தக் காலத்தில் அமெரிக்கன் லீக் வரலாற்றிலேயே அதிகமான தோல்வி அதுதான். 2000ஆம் ஆண்டில்தான் புதிய மைதானம் கட்டித் திறந்திருந்தார்கள். ஆனால் 2003இல் அங்கே வந்தவர்கள் ஏறக்குறைய 13 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மட்டுமே. 81 போட்டிகளுக்கு அதைப் பிரித்துப் பாருங்கள், மைதானம் எப்படி வெறிச்சோடியிருக்கும் என்று விளங்கும்.

கழகத்தின் முதலாளி மைக் இலிச். நம்மைப் போன்றவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மனிதர். குடியேறி வந்த மசிடோனியப் பெற்றோருக்கு டெட்ரொய்ட்டில் பிறந்தவர். இளவயதில் இதே டைகர்ஸ் கழகத்தின் கீழ்மட்ட அணிகளில் விளையாடினார். முழங்காலில் ஏற்பட்ட காயம் அந்தக் கனவை முடித்துவைத்தது. 1959இல் மனைவி மரியனுடன் சேர்ந்து, கையிலிருந்த சேமிப்பைப் போட்டு, நகருக்கு அருகேயுள்ள கார்டன் சிட்டியில் ஒரு பீட்சாக் கடை திறந்தார். அதுதான் பிற்காலத்தில் லிட்டில் சீசர்ஸ் என்ற பெருங்கொம்பனியாக வளர்ந்தது. 1992இல் தன்னை விளையாட்டில் நிலைக்கவிடாத அதே கழகத்தை விலைக்கு வாங்கினார். விற்றவர் யார் தெரியுமா? டொமினோஸ் பீட்சாவின் நிறுவுநர் டொம் மொனகன்! ஒரே தொழிலில் போட்டியாளர்கள் இருவர் ஒரு கழகத்தைக் கைமாற்றிக்கொண்ட விசித்திரம் அது.

119 தோல்விக்குப் பிறகு இலிச்சும் அவருடைய தலைமை நிர்வாகி டேவ் டொம்ப்ரொவ்ஸ்கியும் என்ன செய்தார்கள்? இளம் வீரர்களைச் சேர்த்து மெல்ல மெல்லக் கட்டியெழுப்பும் வேலையை ஒருபுறம் நடத்தினார்கள். முந்திய ஆண்டின் மோசமான முடிவுக்குக் கிடைக்கும் ஒரே ஆறுதல், புதிய இளைஞர்களைத் தெரிவுசெய்யும்போது முன்வரிசையில் இடம் கிடைப்பது. அப்படி 2004இல் இரண்டாவது ஆளாக அவர்கள் எடுத்தவர்தான் பிற்காலத்தில் பெயர் எடுத்த பந்துவீச்சாளர் ஜஸ்டின் வேர்லண்டர்.

ஆனால் இளைஞர்கள் பழுக்க ஆண்டுகள் எடுக்கும். அதுவரை கடையைப் பூட்டி வைக்க முடியுமா? ஆகவே ஒப்பந்தம் முடிந்து சுயாதீனமாக நிற்கும் அனுபவசாலிகளை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டும். 1970களின் நடுப்பகுதி வரை பேஸ்போல் ஆட்டக்காரருக்குத் தன் கழகத்தைத் தெரிவுசெய்யும் உரிமையே இருக்கவில்லை. இன்று ஆறு ஆண்டுச் சேவை முடித்து ஒப்பந்தமும் காலாவதியானால் விரும்பிய இடத்துக்குப் போகலாம். சுதந்திரமாகத் தெரிவுசெய்யக்கூடியவன் தோற்கும் கழகத்துக்கு ஏன் வருவான்? இரண்டே காரணங்கள்தான். ஒன்று, மற்றவர்களைவிட அதிகம் கொடுக்க வேண்டும். அல்லது மற்றவர்கள் தொடப் பயப்படும் ஏதோ ஒரு குறை அவரிடம் இருக்க வேண்டும். 2005 பெப்ரவரியில் டைகர்ஸுக்கு இரண்டும் சேர்ந்த ஒருவர் கிடைத்தார்.

மக்லியோ ஓர்டோனெஸ். வெனிசுவேலா நாட்டவர். அப்போது வயது 31. வெளிக்களத்தின் வலது பக்கத்தில் நிற்பவர். கிரிக்கெட் மொழியில் சொன்னால் எல்லைக்கோட்டுக் காவலர். ஆனால் அவருடைய மதிப்பு துடுப்பாட்டத்தில்தான் இருந்தது. சிக்காகோ வைட் சொக்ஸ் கழகத்துக்காக 1999 முதல் 2002 வரை நான்கு ஆண்டுகளும் தவறாமல் 30 ஹோம் ரன்களுக்குக் குறையாமல் அடித்தவர். 2004இல் சக ஆட்டக்காரருடன் மோதியதில் இடது முழங்கால் கெட்டது. சத்திரசிகிச்சைக்குப் பிறகும் எலும்புக்குள் வீக்கம் தீரவில்லை. சிகிச்சைக்காக ஒஸ்திரியா வரை போனார். அந்த ஆண்டு விளையாடியது 52 போட்டிகள் மட்டுமே. சிக்காகோ அவரைப் போகவிட்டது.

டைகர்ஸ் கொடுத்தது ஐந்து ஆண்டுக்கு 75 மில்லியன் டொலர். முழங்கால் ஒன்று சந்தேகத்தில் இருக்கும் மனிதருக்கு இந்த விலையா என்று பலர் சிரித்தார்கள். அவருடைய தரகர் ஸ்கொட் போராஸ், கறாராகப் பேரம் பேசுவதில் பேர்போனவர். தோற்கும் கழகத்தின் அவசரத்தை நன்றாகப் பயன்படுத்திவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள்.

சிரித்தவர்கள் ஒப்பந்தத்தின் உள்ளே பார்க்கவில்லை. அதில் ஒரு நிபந்தனை இருந்தது: 2005இல் அதே இடது முழங்கால் காரணமாக அவர் 25 நாளோ அதற்கு மேலோ காயப்பட்டோர் பட்டியலில் இருக்க நேர்ந்தால், பருவகால முடிவில் கழகம் ஒப்பந்தத்தை ரத்துச் செய்யலாம். எஞ்சின் செய்த லொறியை வாங்கும்போது, "ஒரு வருசத்துக்குள் இதே எஞ்சின் மக்கர் பண்ணினால் திருப்பித் தருவேன்" என்று எழுதி வாங்குவதைப் போன்றது. முந்திய ஆண்டு ஐவன் ரொட்ரிகஸ் என்ற நட்சத்திரத்தை 40 மில்லியனுக்கு எடுத்தபோதும் அவருடைய முதுகு விடயத்தில் இதேபோன்று எழுதி வைத்திருந்தார்கள். சந்தையில் எல்லோரும் பயப்படும் பொருளை வாங்கத் துணிந்தவர், அந்தப் பயத்தை மட்டும் தனியே பிரித்து விற்பவரின் தலையில் வைத்துவிட்டார். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நடந்தது என்ன? 2005 பருவகாலம் தொடங்கிய சில நாட்களிலேயே ஓர்டோனெஸ் படுத்துவிட்டார். முழங்காலால் அல்ல, ஹேர்னியாவால்! சத்திரசிகிச்சை செய்து பல வாரங்கள் வெளியே இருந்தார். மொத்தம் விளையாடியது 82 போட்டிகள். 25 நாள் எப்போதோ தாண்டிவிட்டது. ஆனால் எழுதியிருந்தது முழங்கால் என்றுதானே! எஞ்சினுக்கு உத்தரவாதம் வாங்கியவருக்கு கியர்பொக்ஸ் போனால் யாரிடம் போய்க் கேட்பது? ஒப்பந்தம் முழுமையாக உறுதியாகிவிட்டது.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல, அதே 2005இல் அவரைப் போகவிட்ட சிக்காகோ உலகத் தொடரை வென்றது, 1917க்குப் பிறகு முதற் தடவையாக. ஓர்டோனெஸின் இடத்துக்கு அவர்கள் எடுத்திருந்த ஜேர்மெய்ன் டைக்கு இரண்டு ஆண்டுக்குக் கொடுத்தது சுமார் 10 மில்லியன் மட்டுமே. அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவருக்கே கிடைத்தது. டைகர்ஸோ 91 போட்டிகளில் தோற்றது.

இதை வைத்து டொம்ப்ரொவ்ஸ்கிக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன். ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த கடை சிக்காகோ. அவர்களுக்குச் சிக்கனமான ஒருவர் போதும், அத்தகையவர் அங்கே வரவும் விரும்புவார். அந்த 10 மில்லியன் விலை டெட்ரொய்ட்டுக்குத் திறந்திருந்த விலை அல்ல.

2006இல் காற்று திரும்பியது. ஜிம் லேலண்ட் என்ற பழுத்த பயிற்சியாளர் பொறுப்பேற்றார். நாற்பது தாண்டிய கெனி ரொஜர்ஸ் பந்துவீச வந்தார். வேர்லண்டர் அந்த ஆண்டின் சிறந்த அறிமுக வீரரானார். 95 வெற்றிகள். ஒக்டோபர் 14ஆம் திகதி, ஓக்லண்ட் அணிக்கு எதிரான நான்காவது போட்டி, கடைசிச் சுற்று, 3-3 என்ற சமநிலை, இருவர் ஆட்டமிழந்தாகிவிட்டது, இருவர் தளங்களில் நிற்கிறார்கள். ஓர்டோனெஸ் அடித்த பந்து இடது பக்கச் சுவரைத் தாண்டிப் போய் விழுந்தது. 1984க்குப் பிறகு முதற் தடவையாக டைகர்ஸ் உலகத் தொடருக்குப் போனது. அங்கே சென். லூயிஸிடம் தோற்றது வேறு விடயம். மறு ஆண்டு .363 என்ற சராசரியுடன் லீக்கின் துடுப்பாட்ட முதலிடம் அவருக்கு. 1961க்குப் பிறகு டைகர்ஸ் வீரர் ஒருவருக்கு அது கிடைத்ததில்லை. அதே 2007இல் மைதானத்துக்கு வந்தவர்கள் 30 இலட்சத்தைத் தாண்டினார்கள். கழகத்தின் சரித்திரத்தில் அதுவே முதற் தடவை.

இவை எல்லாவற்றையும் ஒரு மனிதரின் கணக்கில் எழுத நான் தயாரில்லை. வேர்லண்டர் இல்லாமல், லேலண்ட் இல்லாமல் இது நடந்திருக்காது. ஆனால் ரொட்ரிகஸும் ஓர்டோனெஸும் வந்து நின்ற பிறகுதான், டெட்ரொய்ட்டுக்குப் போனால் பெயர் கெடாது என்று மற்றவர்கள் நம்பத் தொடங்கினார்கள் என்பது என் எண்ணம்.

ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் இன்னொரு விடயம் இருந்தது. குறிப்பிட்ட அளவு போட்டிகளில் ஆடினால் 2010ஆம் ஆண்டுக்கு 18 மில்லியனுடன் ஒப்பந்தம் தானாகவே நீடிக்கும். 2009இன் முற்பகுதியில் அவருடைய ஆட்டம் மந்தமாயிருந்தது. அது எப்படியான ஆண்டு என்பதையும் நினைத்துப் பாருங்கள். டெட்ரொய்ட்டின் உயிர்நாடியான மோட்டார் கொம்பனிகளில் கிறைஸ்லர் ஏப்ரலிலும் ஜெனரல் மோட்டர்ஸ் யூனிலும் வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டுப் போயின. மைதானத்து நீரூற்றில் ஜெனரல் மோட்டர்ஸ் காசு கொடுத்து வைத்திருந்த விளம்பரத்தை நிறுத்தியபோது, இலிச் அந்த இடத்தை வேறு யாருக்கும் விற்கவில்லை. மூன்று மோட்டார் கொம்பனிகளின் பெயரையும் இலவசமாகவே அங்கு வைத்தார். அப்படிப்பட்ட வேளையில், அவரை உட்கார வைத்துவிட்டால் 18 மில்லியன் மிச்சம்தானே என்று பலர் வெளிப்படையாகவே சொன்னார்கள்.

உட்கார வைக்கவில்லை. சில நாள் ஓய்வு கொடுத்தார்கள், பிறகு தொடர்ந்து ஆடவிட்டார்கள். பருவகாலத்தின் பிற்பகுதியில் அடித்து நொறுக்கி .310 சராசரியுடன் முடித்தார். செப்டெம்பரில் எண்ணிக்கை பூர்த்தியானது, 18 மில்லியனும் உறுதியானது. கழகம் அந்த ஆண்டு தன் பிரிவின் முதலிடத்தை ஒரேயொரு மேலதிகப் போட்டியில்தான் மினசோட்டாவிடம் இழந்தது. அவரை வெளியே வைத்திருந்தால் அந்தப் போட்டி வரைக்கும் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

2011க்கு இன்னொரு நீடிப்பு 15 மில்லியனுக்கு எழுதப்பட்டிருந்தது. 2010 யூலையில் கணுக்கால் முறிந்ததால் எண்ணிக்கை எட்டவில்லை, அது கைநழுவியது. இம்முறை கட்டாயம் எதுவும் இல்லாமல் கழகமும் அவரும் மேசையில் அமர்ந்து ஓராண்டுக்கு 10 மில்லியன் என்று முடித்துக்கொண்டார்கள். அந்த ஆண்டில் அவருடைய சராசரி .255ஆக இறங்கியது. 2012 யூனில் ஓய்வை அறிவிக்க அவர் தெரிவுசெய்த இடம் சிக்காகோ அல்ல, டெட்ரொய்ட் மைதானம்.