காபட் வீதியா, கொங்கிரீட் வீதியா? கணக்குப் பார்ப்போம்

நுரைச்சோலைப் பக்கம் தோட்டத்து ஒழுங்கை ஒன்றைப் போடப் பேச்செடுத்தால் முதலில் எழும் வாக்குவாதம் இதுதான். நான் சீமெந்து விற்கிறவன். ஆகவே கொங்கிரீட்டுக்குத்தான் பரிந்து பேசுவேன் என்று வாசகர்கள் எண்ணிவிட வேண்டாம். கணக்கைத் தருகிறேன், இன்றைய விலையை நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஒரு கிலோமீற்றர் நீளம், மூன்று மீற்றர் அகலமான வீதியை எடுத்துக்கொள்வோம். 15 சென்ரிமீற்றர் தடிப்பில் கொங்கிரீட் போட 450 கன மீற்றர் கலவை வேண்டும். கன மீற்றருக்கு 320 கிலோ சீமெந்து என்றால் 144 தொன், அதாவது 50 கிலோ மூடைகள் 2,880. அதே வீதிக்கு 5 சென்ரிமீற்றர் காபட் போட்டால் ஏறத்தாழ 360 தொன் கலவை. அதில் நூற்றுக்கு ஐந்து வீதம் தார் என்று கொண்டால் 18 தொன். மீதியெல்லாம் கருங்கல்லும் கல்தூளும்தான்.

இதை மட்டும் பார்த்தால் காபட் மலிவு என்றுதான் தோன்றும். ஆனால் காபட்டின் பலம் அதன் கீழேயுள்ள கல்தளத்தில் இருக்கிறது. நமது மணலில் அந்தக் கல்தளத்தைக் குறைத்துப் போட்டால், வெங்காய லொறியின் சக்கரம் ஓரத்தில் இறங்கிய இரண்டாம் மாரியிலேயே விளிம்பு உடையத் தொடங்கும். கொங்கிரீட் பலகையோ பாரத்தைத் தானே பரப்பிவிடும். அடியில் மணல் நன்றாக இறுகியிருந்தால் போதும்.

பராமரிப்பையும் சேருங்கள். காபட்டுக்குப் பத்து வருடத்துக்கு ஒருமுறையாவது மேற்படை போடவேண்டி வரும். ஒழுங்காகப் போட்ட கொங்கிரீட் முப்பது வருடம் நிற்கும். 2002இல் திறக்கப்பட்ட மும்பாய் - பூனா அதிவேக வீதி கொங்கிரீட்டில்தான் அமைந்தது. ஆனால் ஒரு வியாபாரி இன்னொன்றையும் யோசிப்பான்: முப்பது வருடச் செலவை இன்றே கொடுத்தால் அவ்வளவு முதலும் முடங்குகிறதே! வட்டியை நாம் ஒதுக்கினாலும், சுழலாத முதல் நட்டம்தான். கையில் காசு குறைந்த பிரதேச சபை காபட்டை நாடுவதை முழுதாகக் குறைசொல்ல முடியாது.

தாரில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டபோது அதன் பலனை எல்லோரும் கண்டோம். சீமெந்தும் அன்று விலையேறத்தான் செய்தது. எனினும் புத்தளம் தொழிற்சாலைக்கு அறுவக்காட்டுச் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. 2011இல் முதல் பிரிவு இயங்கி, 2014இல் 900 மெகாவாட்டாக நிறைவடைந்த நமது லக்விஜய அனல் மின்நிலையத்தின் பறக்கும் சாம்பலும் சீமெந்துடன் கலக்க உதவும் பொருள்தான். ஒன்றைக் கவனியுங்கள்: சாம்பல் கலந்த கொங்கிரீட் மெதுவாகவே இறுகும். ஏழு நாளாவது சாக்குப் போட்டு நனைக்கவேண்டும், அதுவும் நல்ல தண்ணீரில், உவர்நீர் உதவாது. அத்தனை நாளும் லொறி ஓடாது. மிளகாய்ப் பருவத்தில் இதுவும் ஒரு செலவே. காபட்டிலோ போட்ட மறுநாளே ஓடலாம்.

பாரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் நடந்த பரிசோதனையில், அச்சுப் பாரம் இரட்டித்தால் வீதிக்கு வரும் சேதம் சுமார் பதினாறு மடங்காகும் என்று கண்டார்கள். மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் ஓடும் குடியிருப்பு ஒழுங்கைக்கு அவ்வளவு தடித்த கொங்கிரீட் தேவையில்லை. லொறி ஏறும் தோட்டப் பாதைக்குத் தேவை.

என் அபிப்பிராயம்: லொறி போகும், தண்ணீர் தேங்கும் உள்வீதிகளுக்குக் கொங்கிரீட், பாலாவி - கற்பிட்டி வீதி போன்ற பிரதான பாதைகளுக்குக் காபட். தண்ணீர்க் குழாய் இன்னும் பதிக்காத ஒழுங்கைகளுக்கு இரண்டும் வேண்டாம். அங்கே இன்டர்லொக் கல் பதியுங்கள், குழாய் வரும்போது கழற்றித் திரும்பப் பதிக்கலாம். லொறிக்கு 8 சென்ரிமீற்றர் தடிப்புக் கல் கேளுங்கள். இரு பக்கமும் கொங்கிரீட் விளிம்பு கட்டாவிட்டால் கல் மணலோடு நகர்ந்துவிடும். விலை கேட்கும்போது அந்த விளிம்பையும் சேர்த்தே கேளுங்கள்.