பட்டன்... பட்டன்... பட்டன்!

போன தீபாவளிக்கு முந்தின வாரம் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். வங்கி அதிகாரி. பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆனால் செல்போனை என்னைவிட வேகமாக விரட்டுவார். திரையில் இருப்பதை அது படித்துக் காட்ட, காதால் கேட்டு விரலால் தட்டுவார்.

அன்றைக்கு எங்கள் பேட்டை ஸ்வீட் கடையின் வெப்சைட்டில் மிக்ஸர் வாங்க உட்கார்ந்தார். போன் என்ன படித்தது தெரியுமா? "பட்டன்... பட்டன்... பட்டன்..." அவ்வளவுதான்! எது மிக்ஸர், எது மைசூர்பாகு? வெப்சைட் போட்ட புண்ணியவான் எதற்கும் பெயர் எழுதவில்லை. கடைசியில் கார்டு நம்பரையும் ஓ.டி.பி.யையும் நண்பர் சொல்ல, நான் தட்டினேன்.

"நீங்க இருந்தீங்க, சரி. இல்லேன்னா வாட்ச்மேன்கிட்ட சொல்லணும் சார்" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

கடை முதலாளியிடம் சொன்னேன். "ஒருத்தருக்காக வெப்சைட்டையே மாத்தணுமா?" என்று சிரித்தார்.

அமெரிக்காவில் டாமினோஸ் பீட்ஸா கம்பெனியும் லேசாகத்தான் நினைத்தது. ஆர்டர் கொடுக்க முடியவில்லை என்று பார்வையற்ற ஒருவர் 2016ல் கோர்ட்டுக்குப் போனார். 1990ம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டம் கடைவாசல் படிக்கு மட்டுமல்ல, அந்தக் கடையின் வெப்சைட்டுக்கும் உண்டு என்று 2019ல் அப்பீல் கோர்ட் சொல்லிவிட்டது. டாமினோஸ் சுப்ரீம் கோர்ட் வரை ஓடியது. அங்கே மனுவை எடுத்துக்கொள்ளவே இல்லை. கலிஃபோர்னியாவில் ஒரு மீறலுக்குக் குறைந்தது 4,000 டாலர், எதிராளியின் வக்கீல் ஃபீஸ் தனி. இதற்காகவே சின்னக் கடைகளாகத் தேடிப் பிடித்து நோட்டீஸ் விடும் வக்கீல்களும் அங்கே உண்டு. அது வேறு கூத்து!

'நமக்கென்ன?' என்கிறீர்களா? நம் 2016ம் வருஷத்துச் சட்டத்தின் 46வது பிரிவில் தனியாரும் அடக்கம். மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை. அப்புறம் 50,000 முதல் 5 லட்சம் வரை அபராதம். வங்கிக் கணக்குக்குக் கேமரா முன் கண் சிமிட்டச் சொன்னால், ஆசிட் வீச்சில் கண் கருகியவர் எப்படிச் சிமிட்டுவார்? அந்த வழக்கில்தான் 2025 ஏப்ரலில் நம் சுப்ரீம் கோர்ட், டிஜிட்டல் வசதியும் வாழும் உரிமையில் சேர்த்தி என்றது.

பி.காம். படித்த பாவத்துக்கு இந்தக் கணக்கையெல்லாம் துண்டுச்சீட்டில் எழுதி முதலாளியிடம் நீட்டினேன். "அஞ்சு லட்சமா?" பொட்டலம் கட்டின கை நின்றுவிட்டது. மறுநாளே வெப்சைட் பையனைக் கூப்பிட்டார். ஒரு மத்தியான வேலை!

நேற்று நண்பர் போன் செய்தார். "இப்ப 'மிக்ஸர், அரை கிலோ'ன்னு அழகாப் படிக்குது சார்."

"அப்புறமென்ன?"

"பணம் கட்டுற இடத்துல மட்டும் இன்னும் 'பட்டன்'னுதான் சொல்லுது."