கல்லூரிக் கட்டணம்: சான்றிதழை மே மாதமே வாங்கி வையுங்கள்!

டெல்டாவில் சம்பாவுக்கு நாற்றுவிடும் நேரமும் கல்லூரிச் சேர்க்கையும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். வயலுக்கும் பணம் வேண்டும். பிளஸ் டூ முடித்த பிள்ளைக்கும் பணம் வேண்டும்.

ஒரத்தநாடு பக்கம் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயியின் மகளுக்குக் கலந்தாய்வில் பொறியியல் இடம் கிடைத்தது. குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் வாங்கியதில்லை. ஆனால், கணினி மையத்தில் அவசரமாக விண்ணப்பம் போட்டபோது, 'முதல் பட்டதாரியா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று பதிவாகிவிட்டது. சான்றிதழும் கையில் இல்லை. கட்டணச் சலுகை போனது. மனைவியின் சங்கிலி அடகுக்குப் போனது. சம்பாவுக்கு வைத்திருந்த பணமும் கரைந்தது. அந்தப் பட்டத்தில் ஒரு ஏக்கர் தரிசாகக் கிடந்தது.

இப்படி நேராமல் இருக்க, தேர்வு முடிவு வரும்வரை காத்திருக்காமல் சில வேலைகளை முடித்துவிட வேண்டும்.

முதல் பட்டதாரி சான்றிதழ்: பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் யாரும் பட்டதாரி இல்லையென்றால் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்குப் பிறகே கிடைக்கும் என்பதால் நாள் பிடிக்கும். அரசுக் கலந்தாய்வில் தொழிற்படிப்பு இடம் பெறுவோருக்கே இந்தச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே.

7.5 சதவிகித ஒதுக்கீடு: 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவம், பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளில் தனி ஒதுக்கீடு உண்டு. இதில் சேருவோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. எந்த வகுப்பை எந்தப் பள்ளியில் படித்தார் என்பதற்குச் சான்று பெற்று வைக்க வேண்டும்.

மாதம் 1,000 ரூபாய்: அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரியில் சேர்ந்த பிறகு, அங்கேயே பதிவு செய்வார்கள். பி.எம். கிசான் தவணைபோல இதுவும் ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் வரும். பிள்ளையின் பெயரிலேயே கணக்கு தொடங்கி, ஆதார் இணைப்பை வங்கியில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வருமானச் சான்று: ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தனி உதவித்தொகையும் அரசு விடுதிகளும் உள்ளன. சாதிச் சான்றோடு வருமானச் சான்றும் தேவை. வருமானச் சான்று ஓராண்டுக்குத்தான் செல்லும். பழையதை நம்பிப் போகக் கூடாது.

இவற்றுக்குப் பிறகும் பணம் குறைந்தால், வித்யாலட்சுமி இணையதளம் வழியாகக் கல்விக் கடன் கேட்கலாம். 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணையம் தேவையில்லை. நிலப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தனியாரிடம் போக வேண்டியதில்லை.

விண்ணப்பத்தை யார் நிரப்பினாலும், 'சமர்ப்பி' பொத்தானை அழுத்தும் முன் பிள்ளையே ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்க்கட்டும். அந்த ஐந்து நிமிடம் ஒரு போகத்துச் செலவைக் காப்பாற்றும்.